வெள்ளை மணிகள்

சோளன் குருத்துகளை அன்னப்பூரணி ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பாள். உள்ளே மரத்தூள் போல எச்சம் கிடக்கும். அதன் அடியில் புழு. போன மாரி வரை மாங்கேணி ஊரில் யாரும் கண்டிராத புழு. எங்கோ வெளிநாட்டிலிருந்து வந்ததாம். ஒரு சேனைத் தோட்டத்தை ஒரு கிழமையில் தின்று முடிக்குமாம்.

சோளன் கைவிட்டால் மகள் தனுஷியா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விடுவாள். பாஸ்போட் வந்தாயிற்று. அறுவடை வரைக்கும் பொறுக்கிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தாள். கடல் எடுத்த புருசன் போக, கடைசிச் சண்டையில் வன்னியில் காணாமல் போன மகன் போக, மிஞ்சியவள் அவள் ஒருத்திதான்.

விடிந்ததும் புழுக்களைப் பிடித்துச் சவர்க்காரத் தண்ணீரில் போடுவது அன்னப்பூரணியின் வேலை. சில புழுக்கள் அசையாமல் சோர்ந்து கிடந்தன. அவற்றின்மேல் அரிசி போல வெள்ளை மணிகள். முட்டை என்று நினைத்தாள். ஒரு புழு இத்தனை போட்டால் சேனை என்ன ஆகும்? அன்றிலிருந்து முதலில் அவற்றையே தேடித் தேடிப் பிடுங்கினாள். பதினான்கு வருடங்களுக்கு முன் கடல் உள்வாங்கியபோது அதிசயம் என்று நின்று பார்த்தவர்களில் ஒருவர் அவளுடைய புருசன். புரியாத எதையும் நின்று பார்க்கக் கூடாது என்பது அதன் பிறகு அவள் தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம்.

அத்தகைய புழு ஒன்றை மட்டும் போத்தலில் போட்டுத் துணி கட்டி வைத்தாள். புருசனின் தம்பி அழகரத்தினத்திடம் காட்டி, இதற்கும் கேட்கிற பூச்சிமருந்தாக வாங்கிவரச் சொன்னாள்.

அவர் மருந்துத் தாங்கியை முதுகில் சுமந்துகொண்டு வந்த காலையில் போத்தலை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மணிகளின் நுனிகள் திறந்து கிடந்தன. புழு வெறும் தோலாகச் சுருங்கியிருந்தது. துணிக்கு அடியில் எள்ளளவு கறுப்புக் குளவிகள் ஊர்ந்தன. புழுவின் முட்டையிலிருந்து புழுவல்லவா வரவேண்டும்? அப்படியானால் இவை புழுவைத் தின்று வளர்ந்தவை. சவர்க்காரத் தண்ணீரில் எத்தனை மணிகளைத் தன் கையாலேயே மூழ்கடித்திருப்பாள்?

"மச்சான், மருந்தடிச்சா இதுகளும் சாகுமா?"

"மருந்துக்கு ஆள் தெரியுமாகா மச்சாள்? எல்லாம்தான் சாகும்."

"அப்ப அடிக்க வேணாம். வெள்ளை இல்லாத புழுவ நான் கையால பிடிக்கிறன்."

அவர் சிரித்தார். புழுவுக்குக் காவல் வைத்துச் சோளன் செய்கிற முதல் ஆள் நீங்கள்தான் என்றார். பிறகு சிரிப்பு நின்றது. குச்சிதான் மிஞ்சும், பிள்ளை பிளேன் ஏறிவிடும் என்றார்.

"எனக்கும் பயமாத்தான் கிடக்கு," என்றாள். "எண்டாலும் வேணாம்."

அவர் வேலிக்கு அப்பால் தன் சேனைக்குப் போனார். சற்று நேரத்தில் மருந்து மணம் வந்தது. காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று அவளுக்குத் தெரியாது.

வேலியிலிருந்து தள்ளி, நடுச்சேனையில் துணியை அவிழ்த்தாள். குளவிகள் உடனே பறக்கவில்லை. போத்தலின் வாயில் நின்று தயங்கின. அவ்வளவு சிறியவை; ஒரு மூச்சுக்கே தூக்கி எறியப்படும்.

பின்னால் வந்த தனுஷியா, "குளவி போயிட்டுதாம்மா?" என்று கேட்டாள்.

அன்னப்பூரணி போத்தலை இன்னும் கையில் பிடித்திருந்தாள். பழைய சட்டப்படி கால்கள் ஓடச் சொல்லின. பக்கத்துக் குருத்தில் புது எச்சம் ஈரமாக இருந்தது. அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.