வெட்டாமல் விட்ட வால் துண்டு

லெட்டி சோளரொட்டியைச் சட்டியோடு கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். ஆரின் பெக்வித் ரொட்டியைப் பார்க்கவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்தார். இமையோரம் சிவந்திருந்தது.

"அழுதியா?"

"வெங்காயம்."

"இன்னிக்குச் சமையல்ல வெங்காயமே இல்லையே, லெட்டி."

"காலையில நறுக்கினேன்."

"காலையில நறுக்கின வெங்காயம் சாயங்காலம் வரைக்குமா அழவைக்கும்?"

அவள் அவரைக்கஞ்சியை ஊற்றினாள்.

லெட்டிக்கு ஸ்டூடியோவின் வெட்டறையில் வேலை. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, படச்சுருளை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து, வேண்டாததைக் கத்தரித்து, வேண்டியதை ஒட்டும் பெண்களில் அவளும் ஒருத்தி. முந்தாநாள் எடுத்த ஆரினின் சோதனைப் படம் இன்று அவள் மேசைக்குத்தான் போயிருக்க வேண்டும். வெட்டறையில் பார்த்ததை நடிகர்களிடம் வாய்விடக் கூடாது என்பது அங்கே சட்டம். கட்டிய புருஷனாக இருந்தாலும் சரி.

"ஒரே ஒரு வார்த்தை சொல்லு. நல்லா வந்திருக்கா, இல்லையா?"

"கேட்காதே ஆரின். நாளைக்கு நீயே பார்க்கப்போறே."

"நல்லா இருந்தா சிரிச்சிருப்பே."

"சாப்பிடு. ஆறிப்போகுது."

ஆரினின் பிழைப்பே அவருடைய கண்களில்தான் இருந்தது. ஒஹாயோவிலிருந்து நாடகக் கம்பெனியோடு கலிஃபோர்னியா வந்து, கூட்டத்தில் கோவிந்தா போட்டுக்கொண்டிருந்தவரை ஒரு கேமராக்காரர் பிடித்து முன்னால் நிறுத்தினார். வெளிறிய நீலக் கண்கள் அவருக்கு. அந்த ஊமைப்படக் காலத்துக் கறுப்பு வெள்ளைச் சுருளுக்கு நீலம் தெரியாது, அதை வெள்ளையாக்கிவிடும். திரையில் ஆரினின் கண்கள் பிணத்தின் கண்களைப் போல வெளுத்து நின்றன. அன்றிலிருந்து அவர்தான் வங்கியைக் கொளுத்தினார், விதவையின் நிலத்தைப் பிடுங்கினார், படகோட்டியின் கழுத்தை நெரித்தார். டிராம் வண்டியில் பெண்கள் அவரைக் கண்டதும் கைப்பையை மடிக்குள் இழுத்துக்கொள்வார்கள். மாதாகோயிலில் அவர் பக்கத்து இடம் எப்போதும் காலியாக இருக்கும். அதெல்லாம் அவருக்குப் பழகிவிட்டது. வேலை இருந்தது, நிழல்மரம் நிற்கும் இந்தத் தெருவில் ஒரு வீடு இருந்தது.

இப்போது புதுச் சுருள் வந்துவிட்டது. அதற்கு நீலமும் தெரியுமாம், சிவப்பும் தெரியுமாம்; நீலக் கண் இனி வெளுத்துப் பயமுறுத்தாது. பழைய ஆட்களை ஒவ்வொருவராகச் சோதித்துப் பார்த்து, தேறாதவர்களை ஸ்டூடியோ கழித்துக் கட்டிக்கொண்டிருந்தது. அடுத்த படத்தில் ஒரு கொலைகாரன் வேஷம். அதற்குத்தான் ஆரினுக்குச் சோதனை. அது போனால் ஒஹாயோவில் தம்பியின் ஆணிக்கடையில் போய் நிற்க வேண்டியதுதான்.

சோதனையன்று அவர் செய்த காரியம் வேறு நெஞ்சை அரித்தது. ஒப்பனைக்காரர், "லேசா போட்டா போதும் ஆரின், இது பழைய சுருள் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் ஆரின் பழைய பழக்கத்தில் கண்ணைச் சுற்றி மையை இரண்டு மடங்கு அப்பிக்கொண்டார். சுற்றிலும் கறுப்பாக இருந்தால் கண் வெளுப்பாகத் தெரியும் என்று ஒரு நப்பாசை.

இரவு முழுக்க அவர் புரண்டு படுத்தார். லெட்டியும் தூங்கவில்லை என்பது அவள் மூச்சில் தெரிந்தது.

காலையில் திரையிடும் அறையில் முதலாளி க்ரோனர் சுருட்டோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இயக்குநர் ஹஸ்கெல். நடிகர்களை அங்கே கூப்பிடுவது வழக்கமில்லை. வழக்கத்தை மீறிக் கூப்பிட்டால் முகத்துக்கு நேரே கைகழுவத்தான் என்று ஆரினுக்குத் தெரியும். வெட்டறைப் பெண்கள் நிற்கும் இடத்தில், பின்சுவர் ஓரமாக லெட்டி நின்றிருந்தாள். கையுறையைக் கழற்றி, பிழிவதுபோல் முறுக்கிக்கொண்டிருந்தாள்.

விளக்கு அணைந்தது.

திரையில் ஒரு மரக் குடிசை. ஆரின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். க்ரோனர் குபீரென்று சிரித்துவிட்டார்.

"என்னய்யா ஹஸ்கெல், கொலைகாரனா இது? வீடு மாறி வந்த தாத்தா மாதிரி இருக்கான்!"

"கண்ணுல யாரோ நல்லாக் குத்திட்டாங்க போல" என்றார் ஹஸ்கெல்.

மை அப்படித்தான் தெரிந்தது. அதன் நடுவே இரண்டு கண்கள், அவருக்கே பழக்கமில்லாத இரண்டு கண்கள், சாதுவாக விழித்துக்கொண்டிருந்தன. திரையில் அவர் குடிசையிலிருந்த பெண்ணின் மணிக்கட்டை முறுக்கினார், கத்தியை ஓங்கினார். அங்கே ஹஸ்கெல் "கட்" சொன்னது ஆரினுக்கு நினைவிருந்தது. அவ்வளவுதான். இனி திரை வெளுக்கும், விளக்கு எரியும், எல்லாம் முடிந்துவிடும்.

திரை வெளுக்கவில்லை.

"கட்" சொன்ன பிறகும் கேமராக்காரர் கைப்பிடியை இன்னும் கொஞ்சம் சுற்றிவிட்டுத்தான் நிறுத்துவார். அந்த வால் துண்டைக் கத்தரித்துக் கூடையில் போடுவதுதான் வெட்டறையின் முதல் வேலை. அதை விட்டுவைத்ததற்காகப் போன மாதம் ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

திரையில் ஆரின் கத்தியைக் கீழே போட்டார். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார், மை போயிற்று. அந்தப் பெண்ணின் கையை இரண்டு கைகளாலும் ஏந்தி, குனிந்து ஏதோ கேட்டார். பிறகு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம்தான் திரை வெளுத்தது.

அறையில் யாரும் சிரிக்கவில்லை. விளக்கு எரிந்தது.

"இதை ஒட்டினது யாரு?" என்றார் க்ரோனர்.

ஆரினுக்கு அப்போதுதான் அந்தச் சிவந்த இமை புரிந்தது. 'மறந்துட்டேன்னு சொல்லு லெட்டி. தயவுசெஞ்சு மறந்துட்டேன்னு சொல்லு.'

"நான்தான், மிஸ்டர் க்ரோனர்."

"வெட்ட மறந்துட்டியா?"

"இல்லைங்க. வேணும்னுதான் விட்டேன்."

ஆரின் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "அவளை விட்டுடுங்க, மிஸ்டர் க்ரோனர். நானே போயிடறேன். இப்பவே போயிடறேன். அவ வேலையில கைவைக்காதீங்க."

"உட்காருய்யா, நாடகம் போடாதே." க்ரோனர் பின்பக்கம் திரும்பிப் படம் ஓட்டுபவரைப் பார்த்துக் கத்தினார். "அந்த வாலை மட்டும் இன்னொரு தடவை ஓட்டு!"

இன்னொரு தடவை ஓடியது. அதற்குப் பிறகும் ஒரு தடவை.

"அந்தப் பொண்ணுகிட்ட என்ன கேட்டே?"

"கை வலிக்குதாம்மான்னு கேட்டேன்."

க்ரோனர் சுருட்டைக் கடித்தார். "கொலைகாரன் வேஷம் உனக்கு இல்லை. அது முடிஞ்சுபோச்சு. அதே படத்துல ஒரு டாக்டர் வரான். குழந்தை பிழைக்காதுன்னு தாய்கிட்ட அவன்தான் சொல்லணும். ஆள் கிடைக்காம ஹஸ்கெல் தலையைப் பிச்சுக்கறான். செய். இந்த ஒரு படம்தான், அப்புறம் பார்ப்போம்." பிறகு லெட்டி பக்கம் விரலை நீட்டினார். "நீ இன்னொரு தடவை இப்படிச் செஞ்சே, கையுறையைக் கழற்றிக் குடுத்துட்டுப் போயிடணும்."

"சரிங்க" என்றாள் லெட்டி.

சாயங்காலம் டிராமில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எதிரே இருந்த அம்மாள் ஆரினைப் பார்த்ததும் கைப்பையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். அவர் வழக்கம்போல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"வேலை போயிருந்தா என்ன பண்ணியிருப்பே?" என்றார் மெதுவாக.

"ஒஹாயோல ஆணி எண்ணியிருப்பேன்."

"பின்ன எதுக்கு அழுதே?"

"இத்தனை வருஷமா உன்னை வெட்டி ஒட்டிக்கிட்டிருக்கேன். அந்தச் சுருள்ல வந்தது அத்தனையும் எவனோ ஒருத்தன். நேத்துதான் முதல் தடவையா என் வீட்டுக்காரன் என் கைக்கு வந்தான். அவனைக் கத்தரிச்சுக் கூடையில போடச் சொன்னா எப்படி?"

கொஞ்ச தூரம் போனதும் ஆரினுக்குக் கவலை திரும்பி வந்துவிட்டது.

"லெட்டி, எனக்குக் கழுத்தை நெரிக்கத்தான் தெரியும். அந்த டாக்டர் தாயோட கையைப் பிடிக்கணுமா, வேண்டாமா? பிடிச்சா எப்படிப் பிடிக்கறது? அன்னிக்கு நான் நடிக்கவே இல்லையே. கேமரா நின்னுடுச்சுன்னுல்ல நினைச்சேன்? அது திரும்ப வரலேன்னா?" லெட்டியின் மணிக்கட்டை எடுத்து இப்படியும் அப்படியும் பிடித்துப் பார்த்தார். "இப்படியா? இல்லை, இப்படியா?"

"ஆ!" என்றாள் லெட்டி.

அவர் கையைச் சட்டென்று விட்டார். பதறிப்போய் அவள் முகத்துக்கு நேரே குனிந்தார். "வலிச்சிடுச்சா? எங்கே, காட்டு!"

லெட்டி அந்தக் கண்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். எதிரே அந்த அம்மாளும் பார்த்துக்கொண்டிருந்தாள். பையை இறுக்கியிருந்த அவள் விரல்கள் தளர்ந்திருந்தன.

"வலிக்கலை" என்றாள் லெட்டி. "அதுவும் வெங்காயம்தான்."