இரண்டு காயம், ஒரே மறதி

ஈராக்கில் ராணுவ லாரி ஓட்டும்போது சாலையோரக் குண்டில் சிக்கி உயிர் பிழைத்தவன் வெர்லன் டாக்கெட். அமெரிக்காவில் சொந்த ஊரான மேற்கு வர்ஜீனியாவுக்குத் திரும்பிய பிறகு தூக்கம் போயிற்று, ஞாபகம் போயிற்று, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வந்தது. மண்டையில் பட்ட அடிக்கு ஒன்று, அந்த அதிர்ச்சியில் மனம் பாதிக்கப்பட்டதற்கு ஒன்று என இரண்டு ஊனமாக அரசிடம் உதவித்தொகை கேட்டிருந்தான்.

முன்னாள் படைவீரர் சங்கத்தில் அவன் மனுவைப் பார்த்துக்கொண்டவள் ரோசலிண்ட் ப்ரூயிட். அவளும் படையில் சார்ஜென்டாக இருந்தவள். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"ரெண்டுலயும் அதே மறதி, அதே தூக்கமின்மைதான் சொல்லியிருக்க வெர்லன். ஒரு தொந்தரவை ஒரு தடவைதான் கணக்குல எடுப்பாங்க. ரெண்டு பேரு வச்சுட்டா அது ரெண்டாயிடாது."

"காயம் ரெண்டு இருக்கே சார்ஜென்ட்?"

"மறதி ஒண்ணுதானே? எது எதனால வந்துச்சுன்னு டாக்டர் பிரிச்சுச் சொன்னா தனித்தனி. முடியலைன்னா எல்லாம் ஒண்ணாத்தான் போகும். இது எதுலயும் சேராத வேற தொந்தரவு ஏதாச்சும் இருக்கா?"

"இல்ல."

இருந்தது. தலைவலி. அது வந்தால் இடது பக்கப் பார்வை மங்கி, வாந்தி வந்து, வெளிச்சமே ஆகாமல் போகும். ஆனால் வெர்லன் இப்போது ஓட்டுவது பள்ளிப் பேருந்து. தலைவலியைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் இரண்டு காயமும் ஒன்றாகி உதவித்தொகை குறையும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

உதவித்தொகைக்கான மருத்துவப் பரிசோதனைக்கு மனைவி மார்லாவும் வந்தாள். டாக்டர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"தூக்கம் வராதது மண்டை அடியாலயா, குண்டு வெடிச்ச நினைப்பாலயா?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? முழிச்சுக் கெடக்குறது நான் ஒருத்தன்தானே!" என்றான் வெர்லன்.

"என்னாலயும் பிரிக்க முடியல," என்றார் டாக்டர்.

அப்போது மார்லா சொன்னாள்: "தலைவலியைச் சொல்லு."

"மார்லா, வேணாம்."

"போன மாசம் பஸ்ஸை ஓரங்கட்டிட்டு, இன்ஜின் கோளாறுன்னு பிள்ளைங்ககிட்டச் சொன்னியே. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? பக்கத்து வீட்டுப் பொண்ணு அதுலதான் இருந்தா. நீ ஸ்டீயரிங்ல தலை சாய்ச்சுட்டு அழுதேன்னு சொன்னா."

வெர்லன் தரையைப் பார்த்தான். அன்று சாலை பாதிதான் தெரிந்தது. மீதிப் பாதியில் என்ன இருந்தது என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. பின்னால் இருபது பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாவற்றையும் சொன்னான். கார் நிறுத்துமிடத்தில் மார்லா கையைப் பிடிக்க வந்தபோது உதறினான். பிறகு அவனே பள்ளிக்குப் போய்ப் பேருந்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்தான்.

மனு மீதான முடிவு வந்ததும் ரோசலிண்ட் போனில் கூப்பிட்டாள்.

"மறதி, தூக்கமின்மை, எரிச்சல் மூணும் ஒரே கணக்குதான். தலைவலி தனி. நீ சொன்னதாலதான் கெடைச்சுது."

"சரி சார்ஜென்ட். இனிமே பகலெல்லாம் நான் என்ன பண்றது?"