மாமனாருக்கு ஊர் சுற்றிக் காட்டிய படலம்

கடலும் மலையும் கைகோத்து நிற்கும் இந்த மாநகரைக் கண்டவர் எவரும் மனதைப் பறிகொடுக்காமல் திரும்பியதில்லை. திரும்பவே மனமின்றி இங்கேயே தங்கிவிட்டவர்களும் பலர்.

சுற்றுலா அலுவலகக் கையேட்டின் முதல் பக்கத்தில் உள்ள இந்த வரிகளை எழுதியவர், ஒரு சனிக்கிழமை காலையிலிருந்து, அவை பொய்யாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருந்தார். அன்றுதான் அவருடைய மாமனார் ரயிலிலிருந்து இறங்கினார். அவரோடு நாலு பெட்டிகளும் ஒரு மடக்குக் கட்டிலும் ஒரு மேசை விசிறியும் இறங்கின.

"சும்மா கொஞ்ச நாள் இருந்துட்டுப் போலாம்னு" என்றார் மாமனார்.

கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போக வருகிறவர் கட்டிலோடு வருவதில்லை.

மாப்பிள்ளைக்கு அலுவலகத்தில் 'சொர்க்கம்' என்று பெயர். கையேட்டில் பக்கத்துக்கு ஒரு சொர்க்கமாவது வைப்பார். கடற்கரை நீச்சல்காரர்களின் சொர்க்கம்; மலைச்சரிவு இயற்கையின் சொர்க்கம்; பேருந்து நிலையக் கழிப்பறைக்குப் பின்னால் ஊஞ்சல் அறுந்து கிடக்கும் பூங்கா குழந்தைகளின் சொர்க்கம். "சொர்க்கம் எங்கேப்பா?" என்று மேலாளர் கேட்டால், "டீ குடிக்கப் போயிருக்கு சார்" என்று பதில் வரும். அதை அவர் மரியாதை என்றே நினைத்துவந்தார்.

மாமனார் தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலடி வைத்த அலுவலகங்களில் அவருக்கும் ஒரு பெயர் இருந்தது: ஆட்சேபணை. மனைவி போனபிறகு மூத்த மகள் வீட்டில் இருந்தார். மூத்த மாப்பிள்ளை, அதாவது நம் சொர்க்கத்தின் சகலை, அவரை ரயிலேற்றிவிட்டு, வண்டி கண்ணை விட்டு மறையும்வரை நின்று உறுதி செய்துகொண்டுதான் வீடு திரும்பியிருக்கிறார்.

அன்று மாலையே போன் வந்தது.

"சகலை, மாமா சௌக்கியமா வந்து சேர்ந்தாரா?"

"வந்துட்டார். கட்டிலும் வந்துடுச்சு."

"அவருக்கு முதுகுவலி பாருங்க. வேற கட்டில் ஒத்துக்காது."

"எப்போ திரும்பி வர்றார்?"

"அதை அவரைத்தான் கேக்கணும். கடல்காத்து அவருக்கு நல்லதாம், டாக்டர் சொல்லிட்டார்."

"எந்த டாக்டர்?"

"டாக்டர் எதுக்கு? நீங்களே எழுதியிருக்கீங்களே சகலை, 'தீராத நோயும் தீர்க்கும் கடற்காற்று'ன்னு. நான்தான் மாமாவுக்கு உக்காந்து படிச்சுக் காட்டினேன். என்ன எழுத்து! கண்ணுல தண்ணி வந்துடுச்சு போங்க."

சொர்க்கத்தின் வீட்டில் ஒரு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு சின்ன அறை. சின்ன அறையின் ஜன்னலில், எதிர்வீட்டு மாடியின் இரண்டு தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே, விரல் அகலத்துக்குக் கடல் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டுதான் அவர் எழுதுவார். எழுதாத நேரத்தில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்குவார். வீட்டில் அவர் சொல்பேச்சு கேட்கும் ஒரே பொருள் அந்தத் தாழ்ப்பாள்தான். இப்போது அந்த அறையில் மடக்குக் கட்டில் விரிக்கப்பட்டு, விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

சமையலறைக்குப் போய் மனைவியிடம் கிசுகிசுத்தார். "உங்கப்பா எப்போ கிளம்புறார்னு கேளேன்."

"நீங்க கேளுங்க. உங்க மாமனார்தானே?"

"உன்னைப் பெத்தவர்டி."

"அப்பா நல்லவர்தாங்க. ஆனா தள்ளி நின்னு பாக்கணும். உங்க மலை மாதிரி."

அவள் அனுபவித்தவள். பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்து ஒரு கோப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் பொறித்திருந்த வருடம் தப்பு. திருத்தி வாங்கி வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார். கோப்பை போனது போனதுதான்.

மாமனாரை எப்படிக் கிளப்புவது என்று சொர்க்கம் படுத்துக்கொண்டு யோசித்தார், கூடத்தில், பாயில். விடை தானாக வந்தது. இந்த ஊரின் அசிங்கத்தை மறைத்தே இத்தனை வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறோம். அது எங்கெங்கே இருக்கிறது என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்? ஊரை உள்ளது உள்ளபடி காட்டிவிட்டால் போதும். மனுஷன் அடுத்த ரயிலுக்கே பெட்டியைக் கட்டிவிடுவார்.

"மாமா, நாளைக்கு ஊர் சுத்திப் பாக்கப் போலாமா?" என்றார் தேன் ஒழுக. மனைவியும் வருவதாகச் சொன்னாள். வேடிக்கை பார்க்க.

முதலில் சூரியோதய முனைக்குக் கூட்டிப் போனார். உச்சி வெயிலில். குடையை வீட்டிலேயே கதவுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தார். மலைப்படிகள் அடுப்புக்கல்லாய்க் கொதித்தன. மாமனார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஏறினார். கொஞ்ச தூரம் ஏறியதும் சட்டென்று நின்று, குனிந்தார். மாப்பிள்ளைக்கு நெஞ்சில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

"என்ன மாமா, முடியலையா? திரும்பிடலாமா?"

"இந்தக் கைப்பிடி ஆடுது, மாப்பிள்ளை" என்றார் மாமனார். குரலில் ஒரு குதூகலம். "ஆட்டிப் பாருங்க. அடியில துரு!"

அதற்குப் பிறகு அவர் ஏறவில்லை, தாவினார். உடைந்த படி, எழுத்து உதிர்ந்த பலகை, தண்ணீர் வராத குடிநீர்க் குழாய் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, விட்டுப்போன உறவினர்களைப் பார்த்தவர்போல் ஓடிப்போய் விசாரித்தார். உச்சியில் ஒரு தொலைநோக்கி இருந்தது. கண்ணை வைத்துப் பார்த்தார். கும்மிருட்டு. கையைத் தட்டி வரிசையில் நின்றவர்களை எல்லாம் கூப்பிட்டார்.

"வாங்க, வாங்க, எல்லாரும் வந்து பாருங்க! பட்டப்பகல்ல இருட்டைக் காட்டுறாங்க!"

மாப்பிள்ளை இரண்டு படிக்கட்டுத் திருப்பம் கீழே, சுவரைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். "கையேட்டுல 'சில படிகள்'னு போட்டிருக்கே" என்று மேலேயிருந்து மாமனார் குரல் கொடுத்தார். "சிலன்னா அதுக்கும் ஒரு அளவு இருக்கு, மாப்பிள்ளை!"

கீழே வந்து டீக்கடையில் உட்கார்ந்ததும் மாமனார் ரொட்டி கேட்டு வாங்கி, இன்னொன்றும் கேட்டார்.

"அப்பா முகத்துல இப்படி ஒரு களை நான் பாத்ததே இல்ல" என்றாள் மனைவி. "அம்மா இருந்தப்போகூட."

அடுத்தது மீன் காட்சியகம். வாசலிலேயே நாற்றம் வரவேற்கும். வந்தவர்கள் பாதியில் ஓடிவிடுவார்கள் என்பது சொர்க்கத்தின் கணக்கு. மாமனார் மூக்கை நன்றாக உறிஞ்சினார். "தண்ணி மாத்தல" என்று ரசித்துச் சொன்னார்.

உள்ளே ஒரு பெரிய தொட்டி. பாறை, பாசி, பச்சை விளக்கு. மேலே பலகை: 'ஆழ்கடலின் அரசன். மிகுந்த கூச்ச சுபாவம் உள்ளவர். பொறுமையாகக் காத்திருந்து தரிசிக்கவும்.' எழுதியது யார் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு குடும்பம் அதன் முன் பயபக்தியோடு நின்றிருந்தது. மாமனாரும் நின்றார். பொறுமை அவருடைய தொழில். மற்றவர்கள் கால் மாற்றி நின்று, கொட்டாவி விட்டு, கலையத் தொடங்கியபின் காவலாளியை விரலால் அழைத்தார்.

"இதுல மீன் எங்கே?"

"ஒளிஞ்சிருக்கு சார்."

"எத்தனை நாளா?"

காவலாளி தரையைப் பார்த்தார். "செத்துப் போச்சு சார். நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாலேயே. பலகையை மாத்த ஆர்டர் வரல."

"நான் பாத்தேனே!" என்றது அந்தக் குடும்பத்துச் சின்னப் பெண். "வால் தெரிஞ்சுது. சிவப்பா இருந்துது."

மாமனார் அவள் உயரத்துக்குக் குனிந்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. எந்தப் பக்கம் தெரிஞ்சுது? இடதா, வலதா? விளக்கு பச்சை. பச்சை வெளிச்சத்துல சிவப்பு எப்படித் தெரியும்?" குழந்தையின் உதடு பிதுங்கியது. "பாக்கலன்னு சொல்லு." "பாக்கல" என்று சொல்லிவிட்டு அது வீறிட்டு அழுதது. மாமனார் நிமிர்ந்தார். பத்து வயது குறைந்திருந்தது.

"இந்த ஊர்ல ஒரு ஆளுக்கு வேலை இருக்கு, மாப்பிள்ளை" என்றார் வெளியே வரும்போது. "எனக்கென்னமோ இங்கேயே இருந்துடலாம்போல இருக்கு."

சொர்க்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. குறை காட்டிக் காட்டி அவருக்குத் தீனி போட்டுவிட்டோம். பட்டினி போட்டால்தான் கிளம்புவார். குறையே இல்லாத ஒன்றைக் காட்ட வேண்டும். ஊரில் அப்படி இருந்தது ஒன்றே ஒன்று: புதிதாகத் திறந்த ரோப் கார். கம்பியில் தொங்கும் கண்ணாடிப் பெட்டி, கடற்கரையில் ஏறினால் மலை முகட்டில் இறக்கிவிடும். அதை 'ஒரு நொடியும் நில்லாத விண்வெளி உலா' என்று எழுதியவர் அதில் ஏறியதில்லை. வீட்டில் பல்பு மாற்ற முக்காலி ஏறினாலே அவருக்குத் தலை சுற்றும்; பல்பு மாற்றுவது மனைவிதான். ஆனால் சின்ன அறையே கைவிட்டுப் போகிற நேரத்தில் தலை சுற்றினால் என்ன?

பெட்டிக்குள் இவர்கள் மூவரோடு புதுமணத் தம்பதி ஒன்று ஏறியது. பெண்ணின் கையில் கையேடு. பெட்டி சத்தமில்லாமல் எழும்பியது. மாப்பிள்ளை கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். மாமனார் கதவைத் தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. கண்ணாடியில் விரலை ஓட்டினார், தூசி இல்லை. இருக்கைக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஒரு மிட்டாய்க் காகிதம்கூட இல்லை. மெல்ல உட்கார்ந்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார், சாவு வீட்டில் பேசுகிற குரலில்.

"ஊர் முழுக்க இப்படி ஆக்கப்போறாங்க மாமா" என்றார் சொர்க்கம் மூடிய கண்ணோடு. "அடுத்த மாசம் அந்தத் தொலைநோக்கி, கைப்பிடி, எல்லாம் புதுசு. உங்களுக்குப் பொழுதே போகாது. சகலை ஊர் அப்படியா? அங்கே ரோட்டுல நடந்தா குழி, குழியில நடந்தா ரோடு."

"சாக்கடை மூடி ஒண்ணுகூட கிடையாது" என்றார் மாமனார். கண்களில் ஏக்கம்.

"குழாய்ல காத்து மட்டும் வருமாமே?"

"காத்தும் ஒழுங்கா வராது. நான்தான் வாரத்துக்கு ஒரு நடை நகராட்சிக்குப் போய்க் கேப்பேன்." பெருமூச்சு விட்டார். "இப்போ கேக்க ஆளில்ல."

"திங்கக்கிழமைக்கு டிக்கெட் போட்டுடவா மாமா?"

"போடுங்க, மாப்பிள்ளை."

பெட்டி ஒரு குலுக்குக் குலுங்கி நின்றது.

கீழே பள்ளத்தாக்கு. பெட்டி காற்றில் முன்னும் பின்னும் ஆடியது. மாப்பிள்ளை எப்போது இருக்கையிலிருந்து தரைக்கு வந்தார் என்று யாருக்கும் தெரியாது. நடுவில் இருந்த கம்பத்தை இரண்டு கையாலும் இரண்டு காலாலும் கட்டிக்கொண்டிருந்தார். மாமனார் எழுந்து நின்றார், மாலைக்குக் கழுத்தை நீட்டுகிறவர்போல.

"ஒரு நொடியும் நில்லாததுன்னு போட்டிருக்கே!" என்று புதுப்பெண் கையேட்டைப் பிரித்துக் கத்தினாள்.

"யாரும்மா அதை எழுதினது?" என்று கேட்டார் மாமனார்.

"இவர்தான்" என்றாள் மனைவி, காலால் சுட்டிக்காட்டி.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

"மாப்பிள்ளை, நீங்க இதுல முன்னாடி ஏறியிருக்கீங்களா?"

"இல்ல மாமா."

"அந்த முனைக்கு?"

"சின்ன வயசுல, பாதிவரைக்கும்."

"அந்த மீனையாவது பாத்திருக்கீங்களா?"

"மாமா, ஆடுது மாமா!"

"கேட்டதுக்குப் பதில்."

"பாக்கல!"

"இதைப் படிச்சுட்டுத்தாங்க நாங்க கல்யாணமான கையோட இங்க வந்தோம்" என்றான் புது மாப்பிள்ளை. "இனிமே இவ என் பேச்சை நம்புவாளா?"

அப்போது ஒரு பெரிய காற்று அடித்தது. சொர்க்கம் கம்பத்தை விட்டுவிட்டு மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டார். மாமனாருக்கோ மேலே சக்கரம் எப்படி மாட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

"கையை விடுங்க மாப்பிள்ளை. அந்தக் கொக்கியைப் பாக்கணும்."

"விடாதீங்க மாமா! உக்காருங்க மாமா!"

"ஒரு நிமிஷம்."

"எங்கேயும் போகாதீங்க! நம்ம வீட்லயே இருங்க மாமா! காலம் பூரா இருங்க! அந்த ரூமை நீங்களே வச்சுக்குங்க! கையை மட்டும் விட்டுடாதீங்க!"

மாமனார் உட்கார்ந்தார். "எல்லாரும் கேட்டீங்கல்ல?" என்று பெட்டியை ஒரு சுற்றுப் பார்த்தார். புதுமணத் தம்பதி தலையாட்டியது. மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் வாழ்க்கையும்தான் அந்த வாக்கியத்தில் போயிருந்தது, அவளை யாரும் கேட்கவில்லை.

பெட்டி நகர்ந்து, மேலே போய், பிறகு கீழே வந்து சேர்வதற்குள் வெயில் தாழ்ந்துவிட்டது. இறங்கியதும் மாமனார் மூத்த மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"நான் இங்கேயே இருந்துடறேன். மாப்பிள்ளை கையைப் பிடிச்சுக் கெஞ்சினார். தனியா விட்டுட்டு வர்ற நிலைமையில அவர் இல்ல."

"அடடா, சகலைக்கு என்ன ஆச்சு மாமா?" மறுமுனைக் குரலில் சந்தோஷம் வழிந்தது.

மாமனார் எதையும் கூட்டியோ குறைத்தோ சொல்லாதவர். நடந்ததை நடந்தபடி சொன்னார். மறுமுனையில் இருமல் சத்தம் மாதிரி ஒன்று கேட்டது.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இடம் நிறைய இருந்தது. மாமனார் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஜன்னல் திறக்கவில்லை என்று நடத்துனரிடம் சண்டை பிடித்துக்கொண்டு வந்தார். மனைவி மூன்று இருக்கை தள்ளி, வேறு யாரோ மாதிரி உட்கார்ந்திருந்தாள். சொர்க்கம் கடைசிவரை நின்றுகொண்டே வந்தார். அவருடைய பேண்ட் நனைந்திருந்தது.