கழுவாத தூள்

பகுப்பாய்வுக் கருவியின் திரையில் பார்மிக் அமிலத்தைக் காட்டும் அந்த முகடு மறுபடியும் எழுந்தது. எழவே கூடாது. இந்தமுறை குடுவையில் கரியமில வாயுவே கிடையாது. வேண்டுமென்றே நைட்ரஜனை மட்டும் நிரப்பி நாலு மணி நேரம் விளக்கொளியில் வைத்திருந்தாள். பிறகு பார்மிக் அமிலம் எங்கிருந்து வந்து தொலைத்தது? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

ஆறு வருஷம். உலோகத்தையும் கரிம மூலக்கூறுகளையும் கோத்துச் செய்த மஞ்சள் தூள்; அதன் நுண்துளைகளில் புகும் கரியமில வாயுவை வெளிச்சம் அமிலமாக மாற்றும் என்பதுதான் அவள் ஆய்வேடு. நாளை மறுநாள் சமர்ப்பிக்க வேண்டும். பாக்கியிருந்த ஒரே சோதனையை ஒப்புக்குச் செய்யப் போய், தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

காரணமும் உடனே புரிந்துவிட்டது, அதுதான் கொடுமை. தூள் செய்யப் பயன்படுத்திய கரைப்பான் துளைகளை விட்டுப் போக மூன்று நாள் மெத்தனாலில் கழுவ வேண்டும். இந்தப் பாட்டில் தூளைச் செய்த சமயம் மகளுக்குக் காய்ச்சல். ஒரே நாளில் கழுவி உலர்த்திவிட்டு வீட்டுக்கு ஓடினாள். உள்ளே தங்கிய கரைப்பான்தான் வெளிச்சத்தில் சிதைந்து அமிலமாகியிருக்கிறது. அந்தப் பாட்டில் தூள்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக அமிலம் கொடுத்தது; ஆய்வேடே அதன்மேல்தான் நிற்கிறது. ஆய்வகத்தில் கேக் வெட்டினார்கள். கைராசிக்காரி என்று பேர் வேறு.

பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்த்தாள். "அக்கா, பீக் சூப்பரா வந்திருக்கே!"

"நைட்ரஜன்டி இது."

அவள் முகம் மாறியது. குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "இத யாரு கேக்கப் போறா, அக்கா? பேசாம விட்டுடுங்க. ரெண்டு நாள்ல டாக்டரம்மா."

டாக்டரம்மா. கேட்க நன்றாகத்தான் இருந்தது. அழக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு திரையிலிருந்த வரைபடத்தின் மேல் 'கரியமில வாயு இல்லாமல்' என்று அடித்து, வழிகாட்டிப் பேராசிரியருக்கு அனுப்பினாள்.

ஐந்து நிமிஷத்தில் போன் அடித்தது. சார் இல்லை, மகள்.

"அம்மா, சனிக்கெழமைலேர்ந்து நீ வீட்லதானே? சொன்னியே."

"இன்னும் கொஞ்ச நாள் ஆகும்டா கண்ணு."

"எவ்ளோ நாள்?"

கழுவிய பிறகு தூள் ஏதாவது செய்யுமா, ஒன்றுமே செய்யாதா, யாருக்குத் தெரியும்? போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பாட்டிலைத் திறந்து, புது மெத்தனாலை ஊற்றி மூடிக் குலுக்கினாள்.

"மொதல்ல மூணு நாள்," என்றாள்.

பாட்டிலுக்குள் மஞ்சள் கலங்கிச் சுழன்று, மெல்ல மெல்ல அடியில் இறங்கிக்கொண்டிருந்தது.