மைலோ டின்னில் இருந்த கப்பல்

தர்மராஜின் கடைசிச் செய்தி புதன்கிழமை காலை வந்தது. "ஊசி மருந்து ரெண்டு நாளைக்குத்தான் இருக்கு. முதலாளி போன எடுக்கல. கப்பல் நின்னுருச்சு." அதன் பிறகு அவன் கைப்பேசி அணைந்துவிட்டது. இன்று வெள்ளி.

மலேசியாவில், ரந்தாவ் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் வேலை குறைந்தபோது அவன் ஓர் எண்ணெய்க் கப்பலில் இயந்திர அறை வேலைக்குச் சேர்ந்தான். சர்க்கரை நோய்க்காரனிடம் மருத்துவச் சான்று கேட்காத கப்பல் அது ஒன்றுதான். ஏன் கேட்கவில்லை என்பது மனைவி புஷ்பவள்ளிக்கு இப்போதுதான் புரிந்தது. தடை விதிக்கப்பட்ட நாட்டின் எண்ணெயை ஏற்றி, நடுக்கடலில் வேறு கப்பலுக்கு மாற்றும் கப்பல் அது. சில மாதங்களுக்கு ஒரு முறை பெயரை அழித்து வேறு பெயர் எழுதுவார்கள்.

காதர் மைதீனின் சாப்பாட்டுக் கடையில் அவள் வேலை செய்கிறாள். அங்கிருந்தே கடல் அமலாக்க அதிகாரி அர்ச்சுனனிடம் மறுபடியும் போனில் பேசினாள்.

"அக்கா, நீங்க சொல்ற பேர்ல இருந்த கப்பல உடைச்சு அஞ்சு வருசமாச்சு. ஜொகூர் கிழக்குக் கடல்ல இந்த மாதிரி முப்பது கப்பல் சிக்னல அமத்திட்டு நிக்குது. எதுல ஏறித் தேடுறது? கப்பலோட இரும்புல ஏழு நம்பர் வெல்டிங் பண்ணிருப்பாங்க. பேர் மாறும், அது மாறாதுலா. அதக் குடுங்க."

அந்த எண் அவளிடம் இருந்ததுதான். வேலைக்குச் சேர்ந்த அன்று, அதன் பக்கத்தில் நின்று தர்மராஜ் படம் எடுத்து அனுப்பியிருந்தான். மறு வாரமே, "ஏஜெண்டு திட்டுறான், அழிச்சிரு" என்றான். அழித்துவிட்டாள். சொன்னதைக் கேட்டதற்காகத் தன்னையே வெறுத்தாள்.

"அழாத தங்கச்சி. அந்தப் படத்த வேற யாருக்காச்சும் காட்டுனியா?" என்றார் காதர் மைதீன்.

காட்டியிருந்தாள். முனீஸ்வரர் கோயிலில், எல்லாரிடமும். மற்றவர்கள் தர்மராஜின் முகத்தைப் பார்த்தார்கள்; தோட்டத்தில் ஆட்களை மேய்த்த பழைய மண்டோர் மாயாண்டி எண்ணைப் பார்த்தார். சாலையில் நொறுங்கிய காரின் எண்ணையும் விடாமல் நாலு நம்பர் லாட்டரிச் சீட்டு எடுப்பவர் அவர். "அவரு உசுரப் பணயம் வச்சுப் போயிருக்காரு, நீங்க அதுல சூதாடுறீங்களா?" என்று புஷ்பவள்ளி கோயில் வாசலிலேயே கேட்டாள். ஏழு மாதமாகப் பேச்சில்லை.

அவள் வீடு தேடிப் போனபோது மாயாண்டி கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன, இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சுதா?"

"திட்டுனது தப்புதாண்ணே," என்று தொடங்கி அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் உள்ளே போய் ஒரு மைலோ டின்னை எடுத்துவந்து கவிழ்த்தார். பரிசு விழாத சீட்டுகள். அச்சு மங்கி வெள்ளைத் தாளாகிக் கிடந்தன. மாயாண்டி ஒவ்வொன்றாகத் திருப்பினார். பின்பக்கம் எண்ணும், அது யாருடையது என்பதும் பென்சிலில் இருந்தன. 'தர்மராஜ் கப்பல்' என்று இரண்டு சீட்டுகள்.

"சீட்டுக்கு நாலு நம்பர்தான். அதான் முன்னாடி நாலு ஒண்ணு, பின்னாடி நாலு ஒண்ணு எடுத்தேன். நடு நம்பர் ரெண்டுலயும் இருக்கும் பாரு."

"விழுந்துச்சாண்ணே?"

"எங்க. பக்கத்துல வந்துட்டுப் போயிருச்சு."

அவள் அர்ச்சுனனுக்குப் போன் போட்டு எண்ணைப் படித்துக் காட்டினாள். மறுமுனையில் அவர் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

"இருக்குக்கா. தடைப் பட்டியல்ல இருக்கு, நிக்கிற இடமும் தெரியுது. அதான் சாமான் படகுக்காரங்க பயந்துக்கிட்டுக் கிட்டயே போகல. ஆனா நோயாளிக்கு மருந்து குடுக்குறது வியாபாரம் இல்ல. நாளைக் காலைல எங்க போட் போகுது. இன்சுலின ஐஸ்ல வச்சு ஜொகூர் ஜெட்டிக்குக் கொண்டு வந்துருங்க."

"அவரு... இருக்காராங்க?"

"ஏறிப் பாத்தாத்தான் தெரியும்க்கா."

தொழுகை முடிந்து கூட்டம் வரும் நேரத்தில் காதர் மைதீன் கடையை அடைத்தார். மீன் பெட்டியை மூன்று முறை தேய்த்துக் கழுவி ஐஸ் நிரப்பினார். கிளினிக்கில் மருந்தை வாங்கிக்கொண்டு புஷ்பவள்ளி வேனில் ஏறியபோது, சட்டை மாற்றிக்கொண்டு மாயாண்டியும் வந்து நின்றார்.

"மூணு பேரா போனா காரியம் ஆகாதுனு சொல்வாங்களே பாய்," என்றார் மாயாண்டி.

"அதுக்கு நின்னுரப் போறியா? இறைவன் இருக்கான், ஏறுப்பா."

பெட்டியை மடியில் இறுக்கிக்கொண்டு புஷ்பவள்ளி நகர்ந்து இடம்விட்டாள்.

"ஏறுங்கண்ணே. அவரோட சேத்து நாலு பேருதான்," என்றாள்.