இரண்டு புள்ளி போட்ட வண்டி

அன்று காலை மிளகாய்க்குக் கோபம் வந்ததே எதனால் தெரியுமா? வாங்கப் போன வண்டியின் பானட் சில்லென்று இருந்ததால்!

பழைய டீசல் வண்டி விற்கிற கில்லாடிகள், ஆள் வருவதற்கு முன்பே எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்துவிடுவார்கள். சூடாக இருந்தால் எந்தக் கிழட்டு எஞ்சினும் ஒரே திருகில் கிளம்பும். அந்தத் திருட்டைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான், சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே மனைவியை இழுத்துக்கொண்டு டைல்ஸ் கடைக்காரரின் கிடங்குக்கு வந்திருந்தான். பானட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். குளிர்ந்து கிடந்தது. சாவியைத் திருப்பினான். உடனே கிளம்பியது. ஆயில் மூடியைத் திறந்தான். புகையும் குப்பென்று வரவில்லை. நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடிய லோடு வண்டி இப்படிச் சமர்த்தாக நின்றால் மனுஷன் எதைச் சொல்லி விலையைக் குறைப்பான்?

மிளகாய் வெல்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் கல்யாணப் பத்திரிகையோடு போயிற்று. பட்டறைக்கு வருகிற எல்லாருக்கும் அவன் மிளகாய்தான். அவனுடைய வண்டி போன வாரம் எஞ்சின் பிடித்து நின்றுவிட்டது. நாளைக் காலை ஆறு மணிக்கு, வெல்டிங் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு கல் உடைக்கும் ஆலையில் போய் நிற்க வேண்டும். ஆறு மாத வேலை. நிற்காவிட்டால் அந்த இடத்தில் நிற்க வேறொருவன் தயார். கையில் இருக்கிற பணத்துக்கு இந்த ஒரு வண்டிதான் அகப்பட்டது.

"எஞ்சின்ல ஒண்ணும் இல்லைன்னா அடியில இருக்கும்," என்று முணுமுணுத்துக்கொண்டே சாக்கை விரித்து வண்டிக்கடியில் நுழைந்தான். மனைவி குத்துக்காலிட்டு உட்கார்ந்து டார்ச் அடித்தாள். பட்டறையில் அவனுக்குத் தகடு பிடிப்பதும் அவள்தான், வாடிக்கையாளரிடம் அவன் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்பதும் அவள்தான்.

சுத்தியலால் வண்டியின் அடிச்சட்டத்தை, அதாவது சேசிஸை, ஒவ்வொரு சாணாகத் தட்டிக்கொண்டே போனான். டங், டங், டங். பின்சக்கரத்துக்கு முன்னால் 'டக்' என்றது. ஸ்க்ரூடிரைவரால் கறுப்புப் பெயின்டைச் சுரண்டினான். உள்ளே குறுக்காக ஒரு வெல்டிங், அதன் ஓரத்தில் மயிரிழையாக ஒரு விரிசல்.

அப்பாடா! வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது அவனுக்கு. கத்த ஆரம்பித்தான்.

"அண்ணே! என்ன அநியாயம் இது? சேசிஸ் விட்டுப்போச்சு, அதுமேல பெயின்ட் அடிச்சு என் தலையில கட்டப் பாக்குறீங்களா? தகடு கூட வைக்காம நேரா குறுக்க இழுத்து, அதையும் கிரைண்டர் போட்டுத் தேச்சு மொழுக்குன்னு ஆக்கியிருக்கான்! எந்தக் கழுதை பாத்த வேலை இது? அவன் கையை ஒடிக்கணும்! பாதி விலை குடுக்கிறேன், அதுவே ஜாஸ்தி!"

டைல்ஸ் கடைக்காரர் நிதானமான மனிதர். கையிலிருந்த கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"பெயின்ட் நான் அடிக்கலை தம்பி. எனக்கு இதெல்லாம் தெரியாது. நாலு வருஷம் முன்ன என் டிரைவர் எங்கேயோ குடுத்துப் பத்தவச்சுட்டு வந்தான். புதுசா வந்த மாதிரியே இருக்கு, கண்ணை மூடிட்டு ஓட்டலாம்னு வெல்டர் சொன்னாருன்னான். அப்படித்தான் ஓட்டினோம்."

"சொல்வான், சொல்வான்! வாய்க்கா பஞ்சம்?" என்றான் மிளகாய்.

மனைவி எண்ணெய்த் துணியை எடுத்து வெல்டிங்கின் மிச்சத்தைத் துடைத்தாள். டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனாள். விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

பஞ்ச் உளி வைத்து அடித்த புள்ளி. பக்கத்தில் இன்னொன்று. மொத்தம் இரண்டு.

மல்லாந்து படுத்துத் துப்பினால் எங்கே விழும்? அங்கேதான் விழுந்தது.

மிளகாயின் பட்டறை வழக்கம் அது. முடிந்த வேலைக்கு மூன்று புள்ளி அடிப்பான். அவசரத்துக்கு ஒட்டுப்போட்ட வேலைக்கு இரண்டு. அதாவது திரும்பக் கொண்டுவா, இது தாங்காது என்று அர்த்தம். யாருக்குத் தெரியும் அந்த அர்த்தம்? அவனுக்கும் அவளுக்கும்தான். இப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. அன்றைக்குத் தகடு தீர்ந்துபோயிருந்தது. லோடு நிற்கிறது, சீக்கிரம் என்று டிரைவர் தொண்டை கிழியக் கத்தினான். இவனும் பதிலுக்குக் கத்தினான். கத்தின கத்தலில், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இரண்டு புள்ளியை அடித்து, அதன்மேல் தானே பெயின்டும் அடித்து அனுப்பிவிட்டான். எச்சரிக்கை எழுதி, அதைத் தானே அழித்த மகராசன்!

"பாதி விலைக்கு வாங்கிடுவோம்," என்று அவள் காதில் முணுமுணுத்தான். "நானே சரிபண்ணிக்குவேன். வாயைத் திறக்காதே."

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றாள். பதினாலு வருஷத்தில் அவள் அவனை 'நீ' என்றது அதுதான் முதல் தடவை. அவள் முகம் அடுப்புத் தணலாக இருந்தது.

மிளகாய் வெளியே வந்தான். முதுகெல்லாம் மண். "அண்ணே, அந்தக் கழுதை நான்தான்," என்றான்.

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார்.

"என் மக பிரசவத்துக்கு இந்த வண்டியிலதான்யா போனா. முன்சீட்டுல உக்காந்து, வலியில கத்திக்கிட்டு! பின்னால டைல்ஸ் லோடு, இறக்கக் கூட நேரமில்லை. கண்ணை மூடிட்டு ஓட்டலாம்னியே, பாவி!"

அப்படி நான் சொல்லவே இல்லை, அது டிரைவர் கட்டிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தான். ஆனால் தாங்காது என்றும் சொல்லவில்லையே!

"உனக்கு இந்த வண்டி கிடையாது," என்றார் கடைக்காரர். "பாதி விலைக்கும் கிடையாது, நாலு மடங்கு விலைக்கும் கிடையாது. கொண்டுபோய் ஒழுங்காப் பத்தவச்சு நாளைக்கு இங்க கொண்டாந்து நிறுத்து. அப்புறம் பேசலாம்."

வெறும் வண்டியை மெல்ல ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார்கள். மிளகாய் பழைய வெல்டிங்கை முழுக்கக் குடைந்து எடுத்தான். விரிசலின் நுனியில் துளை போட்டு, உள்ளும் புறமும் கனத்த தகடு வைத்து, ஆற விட்டு ஆற விட்டுப் பற்றவைத்தான். தன்னைத்தானே அவன் திட்டிக்கொண்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அவள் தகட்டைப் பிடித்தாள். மறுநாள் காலை ஆறேகாலுக்குக் கல் ஆலையிலிருந்து போன் வந்தது. அவன் எடுக்கவில்லை. ஆறரைக்கு மேல் அது அடிக்கவும் இல்லை.

மத்தியானம் வண்டி கிடங்கில் நின்றது. கடைக்காரர் ஆட்களை விட்டு டைல்ஸ் பெட்டிகளை ஏற்றினார். வண்டி நிறைகிறவரை ஏற்றினார்.

"ஓட்டு," என்றார். "பக்கத்துல உன் சம்சாரத்தை உக்கார வை. என் மக அங்கதான் உக்காந்தா."

மிளகாய் மனைவியைப் பார்த்தான். "மூணு புள்ளி வச்சுட்டேன். பயப்படாம ஏறு," என்றான்.

அவள் ஏறவில்லை. அவன் சட்டைப் பையிலிருந்து டார்ச்சை உருவினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சாக்கை விரித்து, வண்டிக்கடியில் படுத்து உள்ளே போனாள்.

கடைக்காரரும் சுமைக்காரர்களும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் எண்ணி முடிக்கும் வரை மிளகாய் வாயைத் திறக்காமல் காத்திருந்தான்.