கலவை இறுகும் முன்

விடிவதற்கு முன்பே, கயோலே புறநகரில் கட்டிக்கொண்டிருந்த கிறிஸ்தவ சபைக் கட்டடத்தின் தகரக் கதவுக்கு வெளியே நாற்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். அன்று மேல்தளம் போடும் நாள். மற்ற நாட்களில் ஐந்தாறு ஆட்கள் போதும். தளம் போடும்போது மட்டும் எத்தனை கைகள் இருந்தாலும் காணாது. கீழே இயந்திரம் கலவையைக் கொட்டக் கொட்ட, இரும்புச் சட்டிகள் கைமாறிக் கைமாறிச் சாரத்தில் ஏற வேண்டும். காலிச் சட்டிகள் இன்னொரு வரிசையில் இறங்க வேண்டும்.

கலோண்டு கதவை ஒட்டியே நின்றாள். "தளம் போடற அன்னிக்குச் சிந்தாம சட்டி கைமாத்துறவங்கள பூச்சு முடியிற வரைக்கும் வச்சுக்கறேன்" என்று மேஸ்திரி கதோகோ சொல்லியிருந்தான். நான்கு மாத வேலை. அதை நம்பி மூன்று வாரமாகக் காலையில் சும்மாவே தண்ணீர் சுமந்து கற்களை நனைத்துக் கொடுத்தாள்.

"கனவு காணாதக்கா. மேஸ்திரி கிகூயு இனத்தான். அவன் ஆளுங்கள எடுத்துட்டு நம்மள கதவுக்குக் காவல் வைப்பான்" என்றான் பக்கத்தில் நின்ற ஒகுமு.

"உங்க லுவோ இனத்தான் மேஸ்திரியா இருந்தா மட்டும் எங்களக் கூப்பிட்டு விருந்து வைப்பானோ?" என்றாள் நசிமியு. அவள் லுஹ்யாக்காரி, கலோண்டுவின் பக்கத்து வீடு.

ஏழு மணிக்கு இரண்டு பேருந்துகள் வந்தன. மஞ்சள் சட்டை போட்ட சபையார் பாடிக்கொண்டே இறங்கி உள்ளே போனார்கள். சட்டி கைமாற்றும் வரிசையில் ஒரே இனத்தார் இருவர் அடுத்தடுத்து நிற்கக் கூடாது என்று போதகர் கைதட்டிச் சொல்வது வெளியே கேட்டது. ஒருவன் ஏணிமேல் நின்று படமெடுத்தான்.

தகர இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்த நசிமியு சிரித்தாள். "உன் கம்பா ஆளும் இருக்கான், என் ஆளும் இருக்கான். ஒகுமு, உன் ஆளு தொப்பியோட நிக்கிறான். நாமதான் இல்ல."

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பதினொரு மணிக்குப் பாட்டு தேய்ந்தது. உச்சிவெயிலில் நின்றே போனது. கொப்புளம் கண்ட கைகளோடு சபையார் நிழலில் உட்கார்ந்து சப்பாத்திப் பொட்டலங்களைப் பிரித்தார்கள். தளம் பாதிதான் ஆகியிருந்தது.

கலோண்டு மேலே பார்த்தாள். ஈரத்தோடு ஈரம் சேர்ந்தால்தான் தளம் ஒரே கல்லாகும். போட்ட பாதி இறுகிய பின் மறுபாதியைப் போட்டால் இரண்டும் ஒட்டாது. அந்த வரி வழியாகத்தான் மழை இறங்கும். இந்த வெயிலுக்கு ஒரு மணி நேரம் தாங்கும்.

கதோகோ கதவைத் திறந்து ஓடிவந்தான். "வாங்க, வாங்க! எல்லாரும் உள்ள வாங்க!"

"கூலி எவ்வளவு மேஸ்திரி?" என்றாள் கலோண்டு.

"இன்னிக்குத் தொண்டு நாளும்மா, கூலி கிடையாது. முடிஞ்சதும் ஏழைகளுக்குக் குடுக்கற மாவுல ஆளுக்கு ரெண்டு பாக்கெட்."

"வேலைக்கு வச்சுக்கறேன்னீங்களே?"

"அத அப்புறம் பாக்கலாம்."

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "யாரும் போகாதீங்க. ஒரு மணி நேரம் சும்மா நின்னா போதும். கலவை இறுகுறதுக்குள்ள அவரே வந்து கூலி பேசுவார்."

"நாங்க நிக்கிறோம். உன் கம்பா ஆளுங்க பின்வாசல் வழியா போயிட்டா?" என்றான் ஒகுமு.

"உன் ஆளுங்கள நீ பாத்துக்க."

எல்லோரும் நின்றார்கள். கதோகோவும் நின்றான், அவன் கண் தளத்துக்கும் கதவுக்குமாக அலைந்தது. உள்ளே இயந்திரம் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. நசிமியு குனிந்து இடுப்புத் துணியை இறுக்கி முடிந்தாள்.

"எதுக்கு இப்பக் கட்டற?" என்றாள் கலோண்டு.

"அவுந்துச்சு, கட்டறேன். நீ எதுக்கு என்னையே பாக்கற?"

கலோண்டு அந்த முடிச்சைப் பார்த்தாள். முந்திக்கொண்டு உள்ளே ஓடுவதற்குக் கட்டும் முடிச்சு அது என்று அவளுக்குத் தோன்றியது. நசிமியு நிமிர்வதற்குள் கலோண்டுவின் கால் வாசற்படியைத் தாண்டியிருந்தது. பின்னால் மற்ற எல்லோரும் மடை உடைந்ததுபோல் வந்தார்கள்.

நான்கு மணிக்குத் தளம் முடிந்தது, வரி விழாமல். ஒரு சட்டிகூடச் சிந்தவில்லை.

"பூச்சு வேலைக்கு எப்ப வரணும் மேஸ்திரி?" என்று கேட்டாள் கலோண்டு.

கதோகோ கரணையைக் கழுவிக்கொண்டே சொன்னான்: "பூச்சையும் சபையாரே பண்றாங்களாம். பாஸ்டருக்கு ஒரே சந்தோஷம்."

மாவு கொடுக்கும் மேசைமுன் வரிசை நின்றது. "கலந்து நில்லுங்க, கலந்து நில்லுங்க" என்றான் படமெடுப்பவன். மஞ்சள் சட்டைப் பெண் ஒருத்தி பதிவேட்டைத் திறந்து அன்பாகச் சிரித்தாள்.

"பேர் சொல்லுங்கக்கா."

"கலோண்டு."

"எந்த இனம்?"

"கம்பா."

"என்ன வேலை பண்றீங்க?"

கலோண்டு மேலே தளத்தைப் பார்த்தாள். முழங்கை வரை அப்பியிருந்த கலவை காய்ந்து தோலை இழுத்தது.

பெண் 'வேலை' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள். மாவை வாங்கக் கலோண்டு கையை நீட்டியபோது சாம்பல் நிறத் துகள்கள் ஏட்டின்மேல் உதிர்ந்தன. அந்தப் பெண் அவற்றை வாயால் ஊதித் தள்ளிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.